எழுவாய் இல்லாத வினைகள்

"எல்லாம் அவன் செயல்" என்ற சொற்றொடர் சைவத் தமிழரின் நாவில் மிக இயல்பாகப் புழங்குவது. பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் அதைச் சொல்கிறோம். நோய் மாறினால் சொல்கிறோம். நன்மை வந்த வேளையில் அதனைத் தனது திறமை என்று கொள்ளாமல் இறைவன்பால் சேர்த்துவிடுவது அழகிய பண்பு. அதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயம் இல்லை. ஆனால் இதே சொற்றொடர் வேறு இடங்களிலும் வருகிறது. வாங்கிய கடனைக் கொடுக்காமல் விட்டபோது வருகிறது. கோயிற் கணக்குப் பிழைத்தபோது வருகிறது. தமையன் தம்பியின் காணியைத் தன் பெயருக்கு எழுதுவித்துக்கொண்ட பின்னரும், அதே பணிவான குரலில், அதே கைகூப்பலுடன் வருகிறது. முன்னையது பக்தி. பின்னையது என்ன என்பதைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

பத்திரிகை அலுவலகத்தில் நீண்டகாலம் செய்திப்பிரதிகளைத் திருத்தியவனுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். ஒரு வாக்கியத்தைக் கண்டதும் அதில் செய்தவன் யார் என்று கண் தேடும். எமது மேசைக்கு வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை செய்தவனை மறைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. "தவறு நேர்ந்துவிட்டது", "நிதி செலவாகிவிட்டது", "வாக்கைக் காப்பாற்ற இயலாமற் போயிற்று" என்றே அவை ஓடும். அரசாங்கத் திணைக்களங்களும் இயக்கங்களும் இப்படி எழுதுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த நடையில் அவற்றையெல்லாம் வென்றவர்கள் எமது கோயிற் பரிபாலன சபையினரே. ஒருமுறை ஒரு கோயிலில் இருந்து அறிவித்தல் ஒன்று வந்தது. திருப்பணிக்கென்று பல ஆண்டுகளாக நிதி திரட்டியிருந்தார்கள். வேலை பாதியில் நின்றது. கணக்கு எங்கே என்று அடியார்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். "திருவருள் கூடாமையினால் கும்பாபிஷேகம் காலவரையறையின்றிப் பிற்போடப்படுகிறது" என்பதே அறிவித்தலின் சாரம். எம்மோடு பணியாற்றிய மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் அதன் ஓரத்தில் சிவப்பு மையினால் "எழுவாய் எங்கே?" என்று எழுதி என் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவர் இலக்கணத்தைத்தான் கேட்டார். எனக்கோ அது சமயக் கேள்வியாகப் பட்டது.

தமிழில் 'வினை' என்பது இலக்கணத்துக்கும் சமயத்துக்கும் பொதுவான சொல். நிலத்தை உழுததும் வினை, உழுதான் என்ற சொல்லும் வினை, உழுததனால் ஆன்மாவை வந்து ஒட்டும் பயனும் வினை. முன்னோர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் வாதிட வரவில்லை. ஆயினும் வினைமுற்று இருந்தால் எழுவாய் வெளிப்படையாகவோ தோன்றாமலோ இருந்தே தீரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எவரும், செய்தவன் இல்லாத வினை ஒன்று இருக்கலாம் என்று சமயத்தின் பெயரால் நம்புவது விந்தையே.

சைவசித்தாந்தம் இவ்விடயத்தில் தெளிவாகப் பேசுகிறது. ஆன்மாவைப் பற்றும் மலங்கள் ஆணவம், கன்மம், மாயை என மூன்று. அவற்றுள் கன்மம் மீண்டும் மூவகைப்படும். முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் குவித்தவை சஞ்சிதம். அக்குவியலில் இருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தவை பிராரத்தம். நுகரும்போதே புதிதாய்ச் செய்து ஏற்றிக்கொள்பவை ஆகாமியம். கமக்காரர் மொழியிற் சொன்னால், களஞ்சியத்தில் கிடக்கும் நெல் ஒன்று, உலையில் வெந்துவிட்ட சோறு ஒன்று, இன்று கையில் எடுத்து வயலில் எறியும் விதை ஒன்று. வெந்த சோற்றை மீண்டும் நெல்லாக்க எவராலும் இயலாது. ஆனால் விதைக்கும் கை எவருடையது? எமது மக்கள் 'விதி' என்று பேசும்போது பெரும்பாலும் சோற்றைப் பற்றியே பேசுகிறார்கள். கையை மறந்துவிடுகிறார்கள்.

வினை சடப்பொருள் என்றும், செய்தவனைத் தானே தேடிச் சென்று பயனளிக்கும் அறிவு அதற்கு இல்லை என்றும், ஆகவே பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்றும் சித்தாந்திகள் கூறுவர். 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரமே இந்தப் பொருளைத் தொடுகிறது. இதனைக் கவனமாக நோக்க வேண்டும். பயனைக் கூட்டுவிப்பது அவன் செயல். செய்தது உயிரின் செயல். நீதிபதி தண்டனை விதித்தார் என்பதனால் திருடியவர் நீதிபதி ஆகிவிடமாட்டார்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டு, "தன்செயல் அற்று எல்லாவற்றையும் இறைவன் செயலாகக் காண்பதுதானே ஞானியரின் நிலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நிலை உண்டு. ஆனால் அது சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் பத்தாவதில் வருகிறது. பாச நீக்கம் பேசும் இடம் அது. இறைவனோடு ஒன்றி இறைபணியில் நின்றவனை மலமும் மாயையும் வினையும் பற்றா என்பது அதன் கருத்து. முதல் ஒன்பது சூத்திரங்களையும் கடந்து வந்தவர் சொல்ல வேண்டியதை, முதற் சூத்திரத்தையே எட்டிப் பாராதவர் காணித் தகராற்றிலே சொல்கிறார் என்பதுதான் எனது முறைப்பாடு. உண்மையில் இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தன்செயல் அற்றவருக்குத் தன் இலாபமும் இல்லை. 'அவன் செயலால்' கிடைத்த காணியைத் திருப்பிக் கொடுக்கவும் அவர் தயங்கமாட்டார்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்விடத்தில் யோகர் சுவாமிகள் நினைவுக்கு வருவார். கொழும்புத்துறைக் கொட்டிலில் வாழ்ந்து 1964 இல் சமாதியடைந்த அவர், தம் குருநாதர் செல்லப்பா சுவாமிகளிடம் பெற்ற மகாவாக்கியங்கள் நான்கு என்பர். அவற்றுள் ஒன்று, எல்லாம் என்றோ முடிந்துபோன காரியம் என்ற பொருளுடையது. இந்த வாக்கியம் படும்பாட்டை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சுவரில் அதைத் தொங்கவிட்டு, அதன் கீழே அமர்ந்து, கொடுத்த வாக்கை மீறுவதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சுவாமிகளோ இளமையில் கிளிநொச்சி நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக உழைத்தவர். களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் "இருப்புக் குறைந்ததும் முடிந்த காரியம்" என்று மேலதிகாரியிடம் சொல்லியிருப்பார் என்று எவரேனும் எண்ணினால் எண்ணிக்கொள்ளட்டும். தம்மிடம் வந்தவர்கள் செய்த சிறு பொய்களைக்கூட முகத்துக்கு நேரே கண்டித்து விரட்டியவர் அவர் என்றே அவரை அறிந்த முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சாத்திரம் வறண்டதாகத் தோன்றினால் புராணத்துக்கு வருவோம். பெரியபுராணத்தின் கதாநாயகர் சுந்தரமூர்த்தி நாயனார். சேக்கிழார் அவரது கதையைக் கயிலையிலேயே தொடங்குகிறார். அங்கே ஆலாலசுந்தரராய் இருந்தவர் உமையம்மையின் சேடியர் இருவரைக் கண்டு மனம் வைத்தார். ஆகவே பூமியிற் பிறந்து அவ்விருவரையும் மணந்து மீளும்படி இறைவனே பணித்தான். அவர்களே திருவாரூரில் பரவையாராகவும் திருவொற்றியூர்ச் சங்கிலியாராகவும் வருகிறார்கள். இதைவிடத் தெளிவாக முன்னரே எழுதப்பட்ட வாழ்க்கை வேறு யாருக்கு உண்டு? 'எல்லாம் விதிக்கப்பட்டது' என்று சொல்லும் உரிமை யாருக்காவது இருந்தால் அது சுந்தரருக்கே இருந்தது.

ஆனால் நடந்தது என்ன? ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பினார். பிரிந்து செல்வதில்லை என்று இறைவன் சந்நிதியிற் சத்தியம் செய்துதர வேண்டும் என்பது நிபந்தனை. சுந்தரர் அங்கே ஒரு தந்திரம் செய்தார். சத்தியம் செய்ய வரும் வேளையில் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தின் கீழ்ப் போய் இரும் என்று இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவன் இசைந்தான். இசைந்த கையோடு சங்கிலியாரின் கனவிலே தோன்றி, மகிழ மரத்தின் கீழேயே சத்தியம் செய்யச் சொல்லிக் கேள் என்றும் சொல்லிவிட்டான். சுந்தரர் வேறு வழியின்றி அம்மரத்தை வலம்வந்து சத்தியம் செய்தார். பின்னர் வேனிற் காலம் வந்தது. ஆரூரின் வசந்தவிழா நினைவுக்கு வந்தது. புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய கணத்தில் இரு கண்களும் ஒளி இழந்தன.

கவனியுங்கள். மணம் விதிக்கப்பட்டது, கண் போனதோ வாக்கை மீறியதற்காக. திருமணம் இறைவனின் ஏற்பாடு என்பது, அத்திருமணத்தில் செய்த சத்தியத்தை மீறிய பொறுப்பில் இருந்து அவரை விடுவிக்கவில்லை. அதனினும் முக்கியமானது அதன் பின்னர் அவர் நடந்துகொண்ட விதம். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. இந்த நெடுவழி முழுவதும் அவர் இறைவனோடு சண்டை பிடிக்கிறார், கெஞ்சுகிறார், ஏசவும் செய்கிறார். தோழமை உரிமை அது. என் பிழையை நீ பொறுத்திருக்கலாமே என்று வாதாடுகிறார். ஆனால் பிழையே இல்லை என்றோ, அது நீ விதித்தது என்றோ ஓரிடத்திலும் வாதாடவில்லை. தண்டனை கடுமை என்று முறையிடுவது வேறு, குற்றம் என்னுடையது அன்று என்பது வேறு. இந்த வேறுபாட்டை எமது குருமார் சொற்பொழிவுகளில் விரித்துரைத்தால் எவ்வளவோ நன்று. அவர்களோ கண் மீண்ட அற்புதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திருவொற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்ற பெயரில் அந்தச் சத்தியம் இன்றும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. சத்தியம் மீறப்பட்டதும் அதே புராணத்தில்தான் இருக்கிறது.

சேக்கிழார் தம் நூலின் முகப்பிலேயே மனுநீதிச் சோழன் கதையை வைத்ததும் தற்செயலானது அன்று என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதையாதலால் முழுவதும் சொல்லவில்லை. தேர்க்காலிற் கன்று இறந்தபின், அந்தணர் விதித்தபடி பிராயச்சித்தம் செய்துவிட்டால் போதும் என்று அமைச்சர்கள் அரசனைத் தேற்றுகிறார்கள் என்ற பகுதியை மட்டும் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றிருந்தால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் பரிகாரமா என்பது அரசனின் பதில். பரிகாரம் என்ற ஏற்பாடே இல்லை என்று அவன் சொல்லவில்லை. தனக்கு வசதியான இடத்தில் அது நுழைவதையே மறுத்தான். மகனைத் தேர்க்காலில் இடுவது தர்மமா என்று இன்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அக்கேள்வி உண்டு. ஆயினும் அமைச்சர்கள் காட்டிய குறுக்குவழியைப் பற்றிய அவனது ஐயம் எமக்கு இன்றும் வேண்டியதே.

இதே கன்றுக் கதை மகாவம்சத்திலும் உண்டு. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றியதாக அது அங்கே சொல்லப்படுகிறது. அந்நூல் அவனைப் பற்றிச் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி எம்மவரால் அதிகம் பேசப்படுவதில்லை. அவன் சென்ற தேரின் நுகம் பட்டு ஒரு தூபி சிதைந்தது. வேண்டுமென்று செய்ததன்று. அவன் தேரினின்றும் குதித்து, தேர்ச்சில்லினால் என் தலையைத் துண்டியுங்கள் என்றானாம். எங்கள் போதகர் பிறரை வருத்துவதை விரும்பார், தூபியைச் சீர்ப்படுத்திக் கொடுத்தால் போதும் என்று விடை கிடைத்தது. விழுந்த கற்கள் 15. அவற்றைத் திரும்ப வைக்க அவன் செலவிட்டது 15,000 கஹாபணம். அவன் பௌத்தன் அல்லன் என்பதையும் அந்நூலே சொல்கிறது. பிற சமயத்தவரின் கட்டடம், தற்செயலான சேதம் என்ற இரண்டு சாட்டுகள் கைவசம் இருந்தும் இரண்டையும் அவன் எடுக்கவில்லை என்று பௌத்த பிக்கு ஒருவரே எழுதிவைத்திருக்கிறார்.

இனி, இந்த விடயத்தின் மிகக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். தன் குற்றத்துக்கு விதியைச் சாட்டுவது ஒரு பங்கு பிழை என்றால், பிறர் துன்பத்துக்கு அவர்களது வினையைச் சாட்டுவது பத்துப் பங்கு. யாழ்ப்பாணக் கோயில்களின் வாசல்கள் ஒரு பெரும் பகுதி மக்களுக்கு மூடிக்கிடந்த காலத்தில், "அவர்கள் அப்பிறவி எடுத்தது முன்வினைப் பயன்" என்பதே கற்றவர்களும் சொன்ன சமாதானம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் பல கதவுகள் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது வாசலில் நின்று தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியர்; நாட்டின் முதல் அமைச்சரவைக் காலத்தில் அமைச்சராகவும் இருந்தவர். அவர்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அறியாமையால் நிகழ்ந்தது என்று சொல்லி இதனைக் கடந்து செல்ல இயலாது. கல்வியின் உச்சியில் இருந்தவர்களே வாசலில் நின்றார்கள்.

முன்வினை வாதத்தை வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். ஒருவர் இன்ன குடியிற் பிறந்ததும் வறுமையுற்றதும் அவரது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முகத்தின்மேல் கதவைச் சாத்தியது யாருடைய வினை? அது சாத்தியவரின் ஆகாமியம், அவரது கையிலிருந்து விழும் புதிய விதை. பிறரது பிராரத்தத்தை அறியும் கண் எமக்கு இல்லை. எமக்கு முன் நிற்பது எமது செயல் ஒன்றே. அடுத்தவனின் பசி அவன் வினையாய் இருக்கலாம். சோற்றை வைத்துக்கொண்டு கொடுக்காதிருப்பது என் வினை. சித்தாந்தத்தை அரைகுறையாகக் கற்றவர்கள் முதற் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டார்கள்.

திருக்குறளில் அறன் வலியுறுத்தல் என்ற அதிகாரத்தில் பல்லக்குச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் ஒருங்கு காட்டும் குறள் ஒன்று உண்டு. அறத்தின் பயன் இது என்று நூலால் எடுத்துக்காட்ட வேண்டியதில்லை, இவ்விருவரைக் கண்டாலே விளங்கும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இவ்விருவரையும் காட்டி அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்பது பிற்காலத்தோர் பலர் கொண்ட பொருள். எது சரி என்று புலவர்கள் தீர்க்கட்டும். ஆனால் பல்லக்கில் இருப்பவர்கள் எல்லோரும் முதற் பொருளையே விரும்புவது ஏன் என்பதற்குப் புலமை தேவையில்லை. வள்ளுவர் ஊழை 38 ஆவது அதிகாரத்தில் வைத்ததோடு நின்றுவிடவில்லை. 62 ஆவது அதிகாரமாக ஆள்வினையுடைமையையும் பாடினார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நாவலர் பெருமானையும் இங்கே நினைக்க வேண்டும். 1877 இல் பஞ்சம் வந்தபோது அவர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தார். வினைக் கொள்கையை அவரினும் ஆழமாகக் கற்றவர் அன்று இல்லை. பசித்தவரைப் பார்த்து அவர் பிராரத்தம் பேசவில்லை, அடுப்பு மூட்டினார். சாதி விடயத்தில் அதே நாவலர் பழைய கட்டைத் தாண்டவில்லை என்பதும் வரலாறு. பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இது பழங்கதை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018 இல் தென்மராட்சியின் வரணிப் பகுதியில் கோயிற்றேர் ஒன்று மண்வாரி இயந்திரத்தால் இழுக்கப்பட்டது. அதன் படம் உலகத் தமிழர் கைகளிலெல்லாம் சுற்றியது. வடத்தில் கைவைக்கக்கூடாது என்று கருதப்பட்டவர்களைத் தவிர்க்கவே அது நடந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை, ஆகவே வினையும் இல்லை. அதை அழைத்து வந்தவர்களுக்கு உண்டல்லவா?

சரி, தவறியவர் என்ன செய்யவேண்டும் என்று சைவ மரபு சொல்கிறது? பிராயச்சித்தம் என்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் திரிலோசன சிவாசாரியார் இதற்கென்றே 'பிராயச்சித்தசமுச்சயம்' என்று வடமொழியில் ஒரு தனிநூல் செய்தார். அங்கே ஒவ்வொரு குற்றத்துக்கும் ஏற்ற கழுவாய் வகுக்கப்படுகிறது. எதைச் செய்தோம் என்று பெயர் சொல்லாமல் எதற்குக் கழுவாய் தேடுவது? ஒவ்வொரு பூசையின் முடிவிலும் மந்திரத்திலும் கிரியையிலும் பக்தியிலும் நேர்ந்த குறைகளைப் பொறுக்கும்படி குருக்கள் வேண்டுகிறார். பூசை செய்தவரே தம் பூசையின் குறையைச் சொல்வது எத்தகைய மரபு!

இன்று 'பரிகாரம்' என்று எம்மவர் நாடிச்செல்வது முற்றிலும் வேறு சரக்கு. கிரக தோஷம் என்பார்கள், கட்டணம் இன்னது என்பார்கள், தலம் இன்னது என்பார்கள். இலண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் கூட்டமாகப் பறக்கிறார்கள். அதில் ஒரு தடவையேனும் "நீர் யாருக்கு என்ன செய்தீர்?" என்ற கேள்வி எழுவதில்லை. சனி செய்தது, கேது செய்தது. புலம்பெயர் நாடுகளில் சீட்டுப் பிடித்து, ஐம்பது அறுபது குடும்பங்களின் பணத்தோடு காணாமற்போய், சில ஆண்டுகளின் பின் வேறு நகரத்தில் தேர்த்திருவிழாவின் உபயகாரராகத் தலைப்பாகையுடன் தோன்றியவர்களை எமது வாசகர்களும் அறிவர். பணம் இழந்தவர்களிடம் போவதைவிட முருகனிடம் போவது எளிது. முருகன் காசோலை கேட்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு முரணையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கொடுக்கிறோம். சங்கற்பத்தில் இன்னார் இன்ன இடத்தில் இருந்து செய்கிறார் என்று தெய்வத்துக்கு அடையாளம் சொல்கிறோம். மின்விளக்குக் குழலின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு அதன்மேல் "உபயம்" என்று பெயர் எழுதுகிறோம். புண்ணியத்தில் எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்றை எந்தக் கோயிற் சுவரிலும் காண இயலாது.

தனிமனிதர்க்குச் சொன்னது சமூகத்துக்கும் பொருந்தும். 1990 ஒக்ரோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எமக்கு இழைக்கப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. அதை நான் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன், இனியும் எழுதுவேன். இதைச் சொல்வதால் அது ஒரு வரியும் குறையாது. ஆனால் அவர்கள் போனபின் அவ்வீடுகளின் ஓடுகளும் கதவுகளும் யன்னல்களும் என்னவாயின என்று கேட்டால், எம்மவர் இன்றும் "காலத்தின் கோலம்" என்று முடித்துவிடுகிறார்கள். துவக்கு ஏந்தியவர்களை எதிர்க்க எவராலும் இயலவில்லை என்பது உண்மை. ஓடு வாங்கும்படி எந்தத் துவக்கும் எவரையும் வற்புறுத்தவில்லை என்பதும் உண்மை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அறிவேன். நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவர், ஆனால் சமயச் சொற்பொழிவு எதையும் முழுமையாக இருந்து கேட்டவர் அல்லர். இடம்பெயர்ந்து வந்து வீடு கட்டிய காலத்தில் அவர் வாங்கிய முதிரை மரக் கதவுநிலை ஒன்று சோனகதெருப் பக்கத்தில் இருந்து வந்தது. யாருடைய வீட்டில் இருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். 2002 போர்நிறுத்தத்தின் பின் அக்குடும்பத்தின் மூத்தவர் தன் வளவைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தன் வீட்டு முன்வாசலை உடைத்து, அந்த நிலையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "இது உங்கட நிலை. தெரிஞ்சுதான் வாங்கினனான்" என்று மட்டும் சொன்னாராம். வந்தவர் சிறிது நேரம் மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இருங்கோ மாஸ்டர், பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். நிலையைப் பொருத்துவதற்கு அங்கே சுவர் இருக்கவில்லை. வேப்பமரத்தில் சாத்திவைத்து, மழை படாமல் தகரம் ஒன்றை மேலே போட்டுவிட்டு, இருவரும் தேநீர் குடித்தார்கள்.